அம்மிக்கு நான் தமிழ் பேசிய வருடம்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. சம்பளம் கிடையாது, ஆனால் மாதம் ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு உண்டு. அம்மி டாக்டரிடம் போகும்போது நானும் கூடப் போக வேண்டும். அம்மி உருதுவில் சொல்வதை டாக்டரிடம் தமிழில் சொல்ல வேண்டும், டாக்டர் தமிழில் சொல்வதை அம்மியிடம் உருதுவில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை என்றார் அப்பா. நானும் நம்பி ஒப்புக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அம்மாவை அம்மி என்றுதான் கூப்பிடுவோம். ஒருமுறை பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் 'எங்கள் அம்மி மிகவும் நல்லவர்' என்று எழுதிவிட்டேன். குழவி எங்கே என்று கேட்டு வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து வெளியே அம்மா, வீட்டுக்குள் அம்மி என்று இரண்டு பேரை வைத்துக்கொண்டு நடமாடப் பழகிவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு அதுவே பெரிய தகுதி என்று நினைத்திருந்தேன்.

அம்மிக்குப் பிறந்த ஊர் கர்நூல் பக்கம். வீட்டில் உருது, தெருவில் தெலுங்கு என்று வளர்ந்தவள். கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்தபோது தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாதாம். வந்த இடத்தில் எங்கள் பின்தெரு முழுக்கத் தறிக்காரர்கள், அவர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அவர்களோடு தெலுங்கிலேயே ஊர்க்கதை பேசிப் பொழுதை ஓட்டிவிட்டாள். அதனால் தமிழ் அவளுக்கு அவசரமாக வேண்டியிருக்கவில்லை. காய்காரரிடம் பேரம் பேச, சிலிண்டர்காரரைத் திட்ட என்று கொஞ்சம் தமிழ் சேர்ந்திருந்தது. ஆனால் அந்தத் தமிழை டாக்டர் முன்னால் எடுக்க அவளுக்குக் கூச்சம். வீட்டில் கட்டும் புடவையோடு கல்யாணத்துக்குப் போகச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி ஒரு கூச்சம்.

அந்த வருடம் அம்மி இளைக்க ஆரம்பித்தாள். சாப்பிடாமல் இளைத்தால் யாருக்கும் புரியும். அம்மியோ முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டாள், ஆனாலும் இளைத்துக்கொண்டே போனாள். தொழுகைக்குக் கைகால் கழுவும்போது கண்ணாடி வளையல்கள் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வழுக்கிக்கொண்டு வந்தன. மார்கழிக் குளிரில் நாங்கள் போர்வைக்குள் சுருண்டிருக்க, அவள் மட்டும் ஃபேனைப் போடு என்பாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவள் டீ கொண்டுவரும்போது அடுக்களையிலிருந்தே கப்பும் சாசரும் கடகடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அம்மி எந்த இடத்தில் வருகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது எனக்கு ஒரு விளையாட்டாக இருந்தது.

முதல் தடவை டாக்டரிடம் அழைத்துப் போனவர் அப்பா. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டிகளுக்கு சீட் கவர் தைத்துப் போடும் கடை வைத்திருந்தார். எதையும் இழுத்துப் பிடித்து ஆணி அடித்து முடித்துவிடும் சுபாவம். டாக்டர் அம்மியைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் அப்பா பதிலை முடித்துவிட்டாராம். அசதி, கொஞ்சம் வாயு, வீட்டு வேலை அதிகம், வேறொன்றும் இல்லை. அதற்குத் தக்கபடி சத்து மாத்திரையும் வாயு மாத்திரையும் எழுதிக் கொடுத்து, மாதம் ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு மாதமும் கடையை மூடிவிட்டு வர முடியாது என்பதால் அந்தப் பதவி எனக்கு வந்து சேர்ந்தது.

பதவி ஏற்கும் நாளில் அப்பா எனக்கு ஒரு நிபந்தனை போட்டார். எங்கள் வீடுகளில் ஒருவர் இன்னொருவருக்கு ஸலாம் சொல்லி அனுப்பினால், கொண்டுபோகிறவர் அதை மறக்காமல் சேர்த்துவிட வேண்டும். அது அமானத். ஒருவர் நம்பி நம் கையில் கொடுத்துவைத்த பொருள் மாதிரி. சேர்க்காவிட்டால் பாவம், கூட்டிக் குறைத்துச் சேர்த்தாலும் பாவம். டாக்டரிடம் கொண்டுபோகும் பேச்சும் அப்படித்தான் என்றார் அப்பா. அம்மி சொன்னதைச் சொல்ல வேண்டும், சொல்லாததைச் சொல்லக் கூடாது. ஏதோ நகைப்பெட்டியை என் கையில் கொடுத்த மாதிரி நான் இரட்டைப் பின்னலைப் பின்னால் தள்ளிவிட்டு நிமிர்ந்துகொண்டேன்.

டாக்டர் ஒரு பெண். புப்பியின் கண்டிப்பான ஏற்பாடு அது. புப்பி என்றால் அப்பாவின் அக்கா, எங்கள் குடும்பத்தின் உள்துறை அமைச்சர். பட்டுக்கடைகள் இருக்கும் தெருவிலிருந்து பிரியும் சந்தில் சின்ன கிளினிக். முகூர்த்த மாதங்களில் வெளியூர் வேன்களுக்கு நடுவில் புகுந்து புறப்பட்டுத்தான் அங்கே போய்ச் சேர முடியும். உள்ளே எப்போதும் கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், நம் முறை வரும்போது எனக்குப் பசி வந்திருக்கும்.

டாக்டர் நல்லவர். எனக்குச் சாக்லேட் எல்லாம் தருவார். பழைய சீட்டைப் புரட்டிக்கொண்டே, "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குதுடா கண்ணு?" என்று கேட்பார். நான் அம்மி பக்கம் திரும்பி அதை உருதுவில் கேட்பேன். அம்மி கழுத்தைச் சுற்றியிருக்கும் துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, ஷுக்கர், நன்றாக இருக்கிறேன் என்பாள். ஷுக்கர் என்றால் அல்லாஹ்வுக்கு நன்றி. நான் டாக்டர் பக்கம் திரும்பி, நல்லா இருக்காங்களாம் மேடம் என்பேன். அப்ப அதே மாத்திரையை கன்டினியூ பண்ணட்டும் என்று எழுதிவிட்டு மணியை அழுத்துவார். அடுத்த டோக்கன்காரர் கதவைத் திறந்துகொண்டு நிற்பார்.

வெளியே வந்ததும் நன்றாக இருக்கும் அம்மி கிளினிக் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை எதிர்க்கடையில் பொம்மைக்குக் கட்டியிருக்கும் புடவையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே நன்றாக இருப்பவர் ஐந்தடி தள்ளி வந்ததும் எப்படி இப்படி ஆகிறார்? டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எடுத்த எடுப்பிலேயே ஒருவர் முன்னால் அழுவார்களா என்று அம்மி என்னைத் திருப்பிக் கேட்டாள்.

அடுத்த மாதம் நானே ஒரு வழி செய்து பார்த்தேன். ஷுக்கர் என்று அம்மி சொன்னதும், சரியாகச் சொல்லுங்கள் அம்மி என்று உருதுவில் கிசுகிசுத்தேன். மேசைக்கு அடியில் என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. கைநடுக்கத்தை நானாகவே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அமானத் ஞாபகம் வந்தது, இரண்டாவது கிள்ளும் விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

என்ன செய்தால் அம்மி உண்மையைச் சொல்வாள் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அதன் பிறகு எனக்கு முழுநேர வேலை. பாடத்தில் இல்லாத கவனமெல்லாம் அதில் போனது. வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலிலிருந்து அவர்களை நோட்டம் விட்டேன். புப்பி வருவார். எப்படி இருக்கிறீர்கள் என்று அம்மி வாசலிலேயே கேட்பாள். ஷுக்கர், ஒரு குறையும் இல்லை என்பார் புப்பி. பிறகு உள்ளே வந்து, புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டி, தண்ணீர் குடித்து, காலை நீட்டி உட்காருவார். அப்போது அம்மி பக்கத்தில் போய் உட்கார்ந்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பாள். அவ்வளவுதான். மூட்டுவலி, மருமகள், வேலைக்குப் போகாத மகன் என்று எல்லாக் குறையும் வரிசையாக வந்து இறங்கும். ஒரு குறையும் இல்லாதவருக்கு இத்தனையா என்று நான் அதிசயித்துப் போவேன். டீக்குச் சர்க்கரை விஷயமும் அப்படித்தான். போதுமா என்று ஒரு தடவை கேட்டால் போதும் என்பார்கள். இன்னொரு தடவை கேட்டால் கப்பை நீட்டுவார்கள்.

எனக்கு விளங்கிவிட்டது. முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. இரண்டாவது தடவை கேட்பதுதான் கேள்வி. அம்மியிடம் சரிபார்த்தேன். ஒரு தடவை கேட்கிறவர்களுக்கு வேலை இருக்கிறது, மறுபடியும் கேட்கிறவர்களுக்குத்தான் காது இருக்கிறது என்றாள். இவ்வளவு பெரிய படிப்புப் படித்த டாக்டருக்கு இந்தச் சின்ன விஷயத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று எனக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

இதற்குள் அம்மி வளையல்களைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். இனிமேல் அவை கையில் நிற்காது. வெறுங்கையோடு அவள் மாவு பிசைவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இப்படியே இளைத்துக்கொண்டு போனால் கடைசியில் அம்மி இல்லாமலேயே போய்விடுவாளோ என்று நினைத்தேன். யாரிடமும் அதைக் கேட்கவும் பயம். புப்பி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இது கண்ணேறுதான், டாக்டருக்கு இங்கே வேலையில்லை, இன்னொரு தடவை போய்ப் பாருங்கள், அப்போதும் அதே மாத்திரை என்றால் அதோடு நிறுத்திவிட்டு, வேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் ஓதிக் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். ஆக, எனக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது.

மாத்திரை தீர்ந்து நாங்கள் புறப்பட்ட நாள் வைகாசி கருட சேவை என்பது அம்மிக்கு ஞாபகமில்லை. பெருமாள் கருடன்மேல் ஏறி ஊர் சுற்றும் நாளில் காஞ்சிபுரத்தில் வேறு யாரும் எங்கேயும் போக முடியாது. ரோடெல்லாம் கயிறு கட்டியிருந்தார்கள். அப்பா கடையைத் திறக்க முடியாமல், வாசலில் பானை வைத்துக் கூட்டத்துக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் சந்து சந்தாக நுழைந்து, நாதஸ்வரச் சத்தத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தோம். அம்மி இரண்டு வீட்டுக்கு ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிளினிக்கில் ஈ காக்கை இல்லை. டோக்கன் கொடுக்கும் நர்ஸக்கா எங்களைப் பார்த்து அசந்துபோனார்.

"இன்னாமா, எப்படி வந்தீங்க? ரோட்ட மறிச்சிக்கினு இருக்காங்களே. காலைலேர்ந்து ஒரு பேஷன்ட்டு வரல, டாக்டர் சும்மாத்தான் குந்திக்கினு இருக்காங்க."

டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சாக்லேட்டை எடுத்து வைத்துவிட்டு, பழைய சீட்டைப் புரட்டினார். அம்மாவுக்கு எப்படி இருக்குது என்று வழக்கம்போல என்னைக் கேட்டார். நான் அம்மியைக் கேட்டேன். அம்மி துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, ஷுக்கர், நன்றாக இருக்கிறேன் என்றாள். நான் டாக்டர் பக்கம் திரும்பினேன். ஆனால் எதுவும் சொல்லவில்லை.

பேனா சீட்டின்மேல் காத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் தலையைத் தூக்கினார்.

"என்னடா, அம்மா என்ன சொல்றாங்க?"

"இன்னொரு தபா கேளுங்க மேடம்."

"ஏன், அவங்களுக்குக் காதுல விழலயா?"

"விழுந்துச்சு. இன்னொரு தபா கேட்டாத்தான் சொல்லுவாங்க. எங்க வீட்ல அப்படித்தான்."

டாக்டர் சிரித்துவிட்டார். சரி, எப்படி இருக்குது என்று மறுபடியும் என்னைப் பார்த்தே கேட்டார். நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாராவது வந்து நின்றுவிட்டால் எல்லாம் போச்சு. "என்னை இல்ல மேடம், அவங்களக் கேளுங்க," என்றேன்.

மற்ற நாளாக இருந்தால் டாக்டர் மணியை அழுத்தியிருப்பார். அன்றைக்கு அழுத்தினாலும் உள்ளே வர ஆளில்லை. அந்த வகையில் பாதிப் புண்ணியம் பெருமாளுக்குத்தான் சேர வேண்டும். டாக்டர் டீ கப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார். நாற்காலியை அம்மி பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மியின் முகத்தை அவர் நேராகப் பார்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்கம்மா. எப்படி இருக்கீங்க?"

அதை உருதுவில் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்கு வேலையில்லாமல் போய்விட்டது. அம்மி தானாகவே, தமிழிலேயே பேச ஆரம்பித்தாள். காய்காரரிடம் பேசும் தமிழ்தான். நடுநடுவே தெலுங்கும் கலந்துகொண்டது.

"கை ஆடுது மேடம். நிக்க மாட்டேங்குது. டீ கொட்டிப் போவுது. ராத்திரி நித்திர லேது. இங்க," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "டகடகன்னு அடிச்சிக்கினே இருக்குது. ரொம்ப நாளா. சாப்பிடறேன், ஆனா உடம்பு கரையுது. பயமா இருக்குது மேடம்."

பயமாக இருக்கிறது என்று அம்மி சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதே நேரத்தில் கொஞ்சம் கோபமும் வந்தது. இவ்வளவு தமிழை வைத்துக்கொண்டா என்னை இத்தனை மாதம் அலைக்கழித்தாள்?

டாக்டர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். துப்பட்டாவைத் தளர்த்தச் சொன்னார். தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லி, கழுத்தையே பார்த்தார். அம்மி இத்தனை நாளும் இழுத்து இழுத்து மூடிய இடத்தில் லேசாக ஒரு வீக்கம் மேலே ஏறி இறங்கியது. பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, அம்மியின் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின்மேல் அந்த மருந்துச் சீட்டையே விரித்து வைத்தார். காற்றே இல்லாத அறையில் காகிதம் படபடவென்று ஆடியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏம்மா, இத்தனை மாசமா இதைச் சொல்லலியே நீங்க."

"நீங்க கேக்கல மேடம்," என்றாள் அம்மி. குற்றம் சொல்கிற குரலே இல்லை.

"வர்றப்பல்லாம் கேட்டேனேம்மா."

"பாப்பாவத்தான் கேட்டீங்க."

டாக்டர் காகிதத்தை எடுத்து மடித்துக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மிக்குத் தமிழ் சரியாக வராததால் ஏதோ மாற்றிச் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். ஒரு தடவைதான் கேட்டீங்க என்று சொல்லியிருக்க வேண்டும். அதைத் திருத்திச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அமானத் என்று விட்டுவிட்டேன்.

ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சுரப்பி தாறுமாறாக வேலை செய்கிறது, கண்ணேறும் இல்லை வாயுவும் இல்லை என்று தெரிந்தது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள், வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாள், உடம்பு தேறியது. சதை பிடித்த பிறகு பழைய வளையல்கள் கையில் ஏறாமல் போய், புதிது வாங்கினோம். புப்பி மட்டும், டாக்டர் பார்த்த நேரத்தில் தான் மனதுக்குள் ஓதிக்கொண்டிருந்ததால்தான் பிடிபட்டது என்று இன்றுவரை சொல்கிறார். நான் மறுப்பதில்லை. பெருமாளுக்குப் பாதி கொடுத்தாயிற்று, புப்பிக்கும் கொஞ்சம் கொடுத்தால் என்ன?

அந்த நாளின் சாயங்காலத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கருடன் ஊரைச் சுற்றி முடித்து, கயிறெல்லாம் அவிழ்த்து, அப்பா மோர்ப் பானையோடு வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்து, டாக்டர் என்ன சொன்னாங்க என்று கேட்டார். புப்பியும் வந்துவிட்டார். அவரும் என்னைத்தான் கேட்டார். பின்தெருவிலிருந்து அம்மியின் தெலுங்குச் சினேகிதி ஒருத்தி எட்டிப் பார்த்தாள், அவளும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கூடத்தின் நடுவில் நின்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி, வாயைத் திறக்காமல் நான் நின்றது, காகிதம் ஆடியது, எல்லாம். டாக்டருக்கு நம் வீட்டு வழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அப்பா என் முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுக்களையிலிருந்து கப்பும் சாசரும் அடித்துக்கொள்ளும் சத்தம் வந்தது. அம்மி தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் டீ கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று புப்பியைக் கேட்டாள். போதும் என்றார் புப்பி. அம்மி கொஞ்சம் குனிந்து, இன்னொரு தடவை கேட்டாள். புப்பி கப்பை நீட்டினார்.

பிறகு காலித் தட்டோடு அம்மி கதவோரம் நின்றாள். எங்கள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்காவது இன்னும் டீ வேண்டுமா என்று பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அப்பாவுக்காகக் கதையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.